லெட்பாட் விதி: இந்தப் பணிவு போதுமா?

வீட்டில் ஒருவர் பிட்டோரன்ட் முறையில் பெரிய கோப்பு ஒன்றைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார். அதே இணைப்பில் இன்னொருவர் வெளியூர் உறவினருடன் பேசுகிறார். குரல் அறுந்து அறுந்து வருகிறது. இதற்குப் பெரும்பாலும் காரணம் மோடத்தில் உருவாகும் வரிசைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பதிவேற்ற வேகம் விநாடிக்கு 10 இலட்சம் பிட் என்று கொள்வோம். அனுப்பக் காத்திருக்கும் பொட்டலங்களை மோடம் சேர்த்துவைக்கும் இடைநினைவகம் 256 கிலோபைட். அது நிரம்பிவிட்டால், கடைசியில் வந்து நிற்கும் பொட்டலம் புறப்பட 2 விநாடிக்கு மேலாகும். குரலைச் சுமந்துவரும் சின்னஞ்சிறு பொட்டலத்துக்கும் இதே கதிதான்.

பதிவேற்றத்தை இணைப்பு வேகத்தின் 80 சதவீதத்துக்குள் நிறுத்திவை என்பது பழைய வைத்தியம். வேகம் மாறாத இடத்தில் இது பலிக்கும். ஆனால் உங்கள் இணைப்பு நள்ளிரவில் 50 இலட்சம் பிட்டும் மாலையில் 10 இலட்சம் பிட்டும் தருமானால்? நள்ளிரவில் அளந்து 40 இலட்சம் என்று வைத்த வரம்பு, மாலையில் வரம்பே அல்ல. மாலைக்கென்று குறைத்து வைத்தால் இரவெல்லாம் வேகம் வீணாகும். போதாக்குறைக்கு, 2001-இல் பிராம் கோஹன் வடிவமைத்த பிட்டோரன்ட், கொடுப்பவனுக்கே கொடுக்கும் இயல்புடையது. பதிவேற்றத்தை அதிகமாகச் சுருக்கினால் பதிவிறக்கமும் சுருங்கும்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததே லெட்பாட். பிட்டோரன்டின் மைக்ரோ டிரான்ஸ்போர்ட் முறையில் வழக்கத்துக்கு வந்த இக்கருத்து, 2012 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6817 என்ற ஆவணமாக வெளியாயிற்று. அனுப்புகிறவர் ஒவ்வொரு பொட்டலத்திலும் நேரத்தைக் குறிக்கிறார். பெறுகிறவர் தம் கடிகார நேரத்திலிருந்து அதைக் கழித்துத் திருப்பி அறிவிக்கிறார். இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகாதே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சாமர்த்தியம்! இதுவரை கிடைத்த மிகக் குறைந்த கழிவை அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். கடிகாரப் பிழை அதிலும் இருக்கும், புதிய அளவிலும் இருக்கும். கழித்தால் அடிபட்டுப் போகும். எஞ்சுவது வரிசையில் காத்திருந்த நேரம். அது 100 மில்லி விநாடிக்குக் குறைவானால் வேகத்தைக் கூட்டு, மிஞ்சினால் குறை என்பதே விதி. சாதாரண டி.சி.பி. பொட்டலம் தொலைந்த பிறகே விழித்துக்கொள்ளும்; லெட்பாட் தாமதம் தலைகாட்டும்போதே ஒதுங்குகிறது. ஒரே எண்ணை நம்பாமல் நேரத்துக்கு நேரம் அளக்கும் இந்த முறையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த 100-ஐ எப்படி ஏற்பது? தொலைபேசி உரையாடலில் ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிட்டு, மிச்சம் உனக்கு என்பது பணிவாகாது.

இன்னொரு குறையை அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது. முன்னதாக வந்த லெட்பாட் இணைப்பு வரிசையை 100 மில்லி விநாடிக்கு வளர்த்து வைத்திருக்கும்போது புதியது ஒன்று வந்தால், அந்த வரிசையையே அடிப்படை என்று நம்பி அதன்மேல் தன் பங்கைச் சேர்க்கும். முன்னவர் ஒதுங்கிவிட, பின்னவர் கொழிப்பார். இணைப்புகள் ஓயாமல் வந்துபோகும் பிட்டோரன்டில் இதைச் சிறு குறை என்று தள்ள முடியாது.

காத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசையை 5 மில்லி விநாடி அளவில் அடக்கப் பார்க்கிறது. லெட்பாடுக்கு 100 கண்ணில் படாது. அது சாதாரண டி.சி.பி. போலவே போட்டியிடும். தாமதம் குறைந்துவிட்டதால் பேசுகிறவருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. வேடிக்கை என்னவென்றால், வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரிலேயே நிற்க வேண்டுமானால், ரவுட்டருக்கு ஒரு வேக வரம்பு கொடுக்க வேண்டும். வாசல் வழியே துரத்திய நிலையான எண் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது! ஓபன்-டபிள்யூ.ஆர்.டி. ரவுட்டர்களில் இயங்கும் கேக்-ஆட்டோரேட், தாமதத்தை அளந்து இந்த எண்ணைத் தானே மாற்றிக்கொள்கிறது.

அந்த வசதி இல்லாதவர்கள் மாலை நேரத்தில் பகிர்வை ஓடவிட்டு, பிங் கட்டளையால் தாமதத்தை அளந்து பாருங்கள். பகிர்வை நிறுத்தினால் 20 மில்லி விநாடி, ஓடவிட்டால் 300 என்று வந்தால், எண் இறங்கும் வரை பதிவேற்ற வரம்பைப் படிப்படியாகக் குறையுங்கள். இரவுக்கு வேறு வரம்பு வைக்கும் கால அட்டவணை பல பிட்டோரன்ட் நிரல்களிலேயே இருக்கிறது.