இருபத்தெட்டாவது கட்டம்

அமெரிக்க ராணுவப் பணியிலிருந்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் தரப்படுகிறது. டிடி-214 என்று அதற்குப் பெயர். எப்போது சேர்ந்தார், என்ன பயிற்சி பெற்றார், எந்தப் பதக்கங்கள் வாங்கினார் என்பதெல்லாம் அதன் மேற்பகுதியில் இருக்கும். அடியில் சில கட்டங்கள். 24-ஆவது கட்டத்தில் பணியின் தன்மை: கௌரவமானதா, இல்லையா. 26-இல் விடுவிப்புக்கான குறியீடு. 27-இல் மறுபடி படையில் சேரலாமா என்பதற்கான குறியீடு. 28-இல், ஒரு வாக்கியமாகக்கூட இல்லாமல் ஓரிரு சொற்களில், வெளியேற்றத்திற்கான காரணம்.

இந்தக் கட்டுரை அந்த 28-ஆவது கட்டத்தைப் பற்றியது. கதையையும் கவிதையையும் பெண்ணிய நோக்கில் வாசிக்கப் பழகிவிட்ட நாம் அரசுப் படிவங்களை அப்படி வாசிப்பதில்லை. ஒரு பெண்ணுக்கு வேலை கிடைக்குமா, மருத்துவம் கிடைக்குமா, ஊரில் என்ன பெயர் கிடைக்கும் என்பதைப் பல நேரங்களில் இவைதான் தீர்மானிக்கின்றன. ஆகவே இதையும் ஒரு பிரதியாகவே எடுத்துக்கொள்கிறேன். எழுதியது யார், யாரைப் பற்றி, யார் வாசிக்கிறார்கள், திருத்தித் தரச் சொல்லிக் கேட்டால் என்ன நடக்கிறது என்பவை என் கேள்விகள்.

முதலில் வாசகர். இந்தப் படிவத்துக்குப் பல படிகள் உண்டு. சுருக்கப் படியில் வெளியேற்றக் காரணம் இருக்காது. முழுப் படியில் இருக்கும். வேலைக்கு எடுப்பவர்களும் சலுகை வழங்கும் அலுவலகங்களும் பெரும்பாலும் முழுப் படியைத்தான் கேட்கிறார்கள். சுருக்கப் படியை நீட்டினால் எதையோ மறைக்கிறாள் என்று ஆகிறது. முழுப் படியை நீட்டினால், முன்பின் தெரியாத ஓர் அதிகாரியின் மேசையில் அவள் அந்தரங்கம் விரிந்து கிடக்கிறது. எந்த வழியில் போனாலும் விளக்கம் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

அடுத்தது, எழுதப்பட்ட சொல். 'ஆளுமைக் கோளாறு' என்பது 28-ஆவது கட்டத்தில் பல்லாயிரம் பேருக்கு எழுதப்பட்ட காரணம். 2001 நவம்பருக்கும் 2007 ஜூனுக்கும் இடையில் மட்டும் சுமார் 26,000 பேர் இந்தக் காரணத்தால் வெளியேற்றப்பட்டார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2008-இல் அறிக்கை தந்தது. ஆண்களும் இதில் உண்டு. போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பியவர்களும் உண்டு. ஆனால் பெண்கள் மேல் இந்தச் சொல் விழுந்த விகிதம் வேறு. வியட்நாம் போர் முன்னாள் படைவீரர்களின் அமைப்பு ஒன்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற தரவுகளின்படி, விமானப்படையில் பெண்கள் 21 விழுக்காடு. ஆளுமைக் கோளாறு என்று வெளியேற்றப்பட்டவர்களில் 35 விழுக்காடு. மரீன் படையில் 7 விழுக்காட்டினரான பெண்கள், இந்தப் பட்டியலில் 14 விழுக்காடு.

ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2016 மே மாதம் வெளியிட்ட 'பூட்டட்' என்ற அறிக்கை, இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர்களைத் தேடிப் போய்ப் பேசுகிறது. படைக்குள் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், அதைச் சொன்னவர்கள், சொன்ன பிறகு மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள், அங்கிருந்து இந்தச் சொல்லோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்.

இந்தச் சொல்லின் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆளுமைக் கோளாறு என்பது மருத்துவ வரையறைப்படி இளம்பருவத்திலேயே வேர்விட்டு, நெடுங்காலம் தொடர்வது. அதாவது அது படைக்கு வருவதற்கு முன்பே அவளுக்குள் இருந்தது என்று ஆகிவிடுகிறது. படையில் நடந்த எதுவும் காரணம் இல்லை. காரணம் இல்லை என்றால் இழப்பீடும் இல்லை. ஊனத்துக்கான உதவித்தொகைக்கு இந்தக் கோளாறு தகுதி பெறாது. உடலும் மனமும் தகுதியானவை என்று சோதித்துச் சேர்த்துக்கொண்ட அதே ராணுவம், அவள் புகார் கொடுத்த பிறகு, சேரும்போதே பழுதாக இருந்தாள் என்று கண்டுபிடிக்கிறது. குற்றம் நடந்த இடம் முகாமிலிருந்து அவளுடைய குழந்தைப் பருவத்துக்கு மாற்றப்படுகிறது. இரண்டே சொற்களில் இத்தனையும் முடிகிறது. கணவன் அடித்தான் என்று சொன்னவளைப் பார்த்து 'அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே புத்தி சரியில்லை' என்று சொல்லும் குடும்பங்களை நமக்குத் தெரியும். படிவம் அதையே அலுவலக மொழியில் சொல்கிறது.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1916 முதல் 1947 வரை அமெரிக்கப் படையில் 'நீல விடுவிப்பு' என்று ஒன்று இருந்தது. கௌரவமானது என்றும் சொல்லாது, அவமானகரமானது என்றும் சொல்லாது. நீலத் தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். தாளின் நிறமே காரணத்தைச் சொல்லிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தரைப்படை வழங்கிய 48,603 நீலத் தாள்களில் ஏறத்தாழ 22 விழுக்காடு கறுப்பினத்தவருக்குப் போனது. படையில் அவர்கள் பங்கு சுமார் 6.5 விழுக்காடுதான். தன்பாலீர்ப்பு கொண்டவர்களையும் இந்தத் தாளைக் கொடுத்தே அனுப்பினார்கள். 1951-இல் வந்த ஓர் ஆணை, கருவுற்ற பெண்களையும் சிறு குழந்தைகளுக்குத் தாயானவர்களையும் படையிலிருந்து வெளியேற்ற வழிசெய்தது. வியட்நாமில் பணியாற்றிய விமானப்படைச் செவிலியர் சூசன் ஸ்ட்ரக் அதை எதிர்த்து வழக்காடினார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க் அவருக்காக நின்றார். 1972-இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்கும் முன்பே விமானப்படை பின்வாங்கிக்கொண்டது. வழக்கு தீர்ப்பில்லாமல் முடிந்தது.

1993 முதல் 2011 வரை நடப்பிலிருந்த 'கேட்காதே, சொல்லாதே' சட்டமும் பெண்களையே அதிகம் தாக்கியது. 2008-ஆம் நிதியாண்டில் அந்தச் சட்டத்தில் வெளியேற்றப்பட்ட 619 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள். படையில் அவர்கள் சுமார் 15 விழுக்காடு. ஆணின் அழைப்புக்கு இணங்காதவள் லெஸ்பியனாகத்தான் இருப்பாள் என்ற பேச்சுக்கு அந்தச் சட்டம் ஓர் ஆயுதத்தைக் கொடுத்திருந்தது. கறுப்பு, கர்ப்பம், தன்பாலீர்ப்பு, கோளாறு. காரணத்தின் பெயர் காலத்துக்குக் காலம் மாறுகிறது. நிறுவனத்துக்கு ஒத்துவராத உடல் எதுவோ, அதன் பெயர் கட்டத்துக்குள் போகிறது.

சரி, திருத்தக் கேட்டால்? வழி இருக்கிறது. விடுவிப்பு மீளாய்வு வாரியத்துக்கு 15 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம். பதிவேடு திருத்த வாரியத்துக்குத் தவறு தெரியவந்த மூன்று ஆண்டுகளுக்குள். தாமதத்தை மன்னிக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் உள்ளே நுழைந்ததும் ஓர் அனுமானம் எதிரே நிற்கிறது: அரசு அலுவலர்கள் தம் கடமையை முறையாகவே செய்திருப்பார்கள் என்பது. அதைப் பொய் என்று நிறுவ வேண்டிய சுமை விண்ணப்பதாரருடையது. புகாரே பதியவிடாமல் தடுக்கப்பட்டவளிடம் புகாரின் நகல் எங்கே என்று கேட்பது எத்தகைய நீதி?

2017 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறை வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பு ஒன்று இதைக் கொஞ்சம் தளர்த்தியது. பாலியல் வன்முறை, சீண்டல், போர் அதிர்ச்சி சார்ந்த விண்ணப்பங்களைத் தாராளமாகப் பரிசீலிக்க வேண்டும். விண்ணப்பதாரரின் வாக்குமூலம் மட்டுமேகூடச் சான்றாகலாம் என்றது. பெண்ணின் சொல்லைச் சான்றாக ஏற்பது சின்ன விஷயம் இல்லை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் இந்தச் சீர்திருத்தத்தின் உள்ளே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆளுமைக் கோளாறு என்ற சொல்லை நீக்க, பெரும்பாலும் இன்னொரு நோயின் பெயரைத்தான் முன்வைக்க வேண்டியிருக்கிறது: பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம். எனக்கு அந்த நோய் இல்லை, இந்த நோய் இருக்கிறது என்று ஒரு பெண் மெய்ப்பிக்க வேண்டும். அவள் உறுதியாக, கோபமாக, நலமாக வந்து நின்று 'நீங்கள் எழுதியது பொய்' என்று சொன்னால் அதைக் கேட்கும் காது அங்கே மந்தமாக இருக்கிறது. உடைந்தவளாக வந்தால் திறக்கிறது. நல்ல பாதிக்கப்பட்டவள் எப்படி இருக்க வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பு, கருணையின் உடையில் திரும்ப வருகிறது.

'பூட்டட்' அறிக்கையின் மீது எனக்கிருக்கும் மனத்தாங்கலும் இங்கேதான். அதன் துணைத்தலைப்பு 'தவறாக வெளியேற்றப்பட்ட', வன்புணர்வுக்கு ஆளான படையினரைப் பற்றிப் பேசுகிறது. அந்த அடைமொழியை நான் புரிந்துகொள்கிறேன். வாரியத்திடம் வாதாட அது தேவை. ஆனால் உண்மையிலேயே ஆளுமைக் கோளாறு உள்ள ஒரு பெண்ணும் வன்முறைக்கு ஆளாகியிருக்கலாம் அல்லவா? அவள் படிவத்தில் எழுதியிருப்பது மருத்துவரீதியாகச் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அவளுக்கு நடந்தது சரியாகிவிடுமா? 'நான் பைத்தியம் இல்லை' என்ற வாதம் ஒருத்தியைக் காப்பாற்றும்; இன்னொருத்தியை அங்கேயே விட்டுவிட்டு வரும். அந்தக் கட்டத்தில் நோயின் பெயர் சரியா தவறா என்பதைவிட, ஒரு நோயின் பெயர் ஏன் ஊர் ஊராகக் காட்ட வேண்டிய தாளில் இருக்கிறது என்று கேட்டிருந்தால், வாதம் இருவருக்கும் உதவியிருக்கும்.

இனி, வென்றவர்களுக்குக் கிடைப்பதைப் பார்ப்போம். 2011 செப்டம்பர் 20-ஆம் தேதி 'கேட்காதே, சொல்லாதே' சட்டம் ஒழிந்தது. அதையொட்டி வாரியங்களுக்குப் போன அறிவுறுத்தலின்படி, அந்தச் சட்டத்தால் மட்டுமே வெளியேற்றப்பட்டவர்கள் விண்ணப்பித்தால், வேறு குற்றச்சாட்டுகள் இல்லாத நிலையில், 28-ஆவது கட்டத்தில் காரணத்தை மாற்றிக் கொடுக்கலாம். மாற்றி எழுதும் சொல் எது? 'செயலாளரின் அதிகாரம்.' துறைச் செயலாளருக்கு அதிகாரம் உண்டு, அதனால் நீ வெளியேறினாய். அவ்வளவுதான். முதலில் எழுதியது அவதூறு. திருத்தி எழுதியது மௌனம். அவதூறைவிட மௌனம் மேல் என்பதை வேலை தேடி அலைந்தவர்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மௌனத்தில், செய்தவர் யார் என்பதும் சேர்ந்து மறைகிறது. 'நாங்கள் தவறு செய்தோம்' என்பதற்கு அந்தப் படிவத்தில் சொல்லும் இல்லை, கட்டமும் இல்லை. இந்த மௌனத்தைப் பெறவும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையையே கேள்விக்கு உள்ளாக்கி 2023-இல் முன்னாள் படைவீரர்கள் கூட்டாக வழக்குத் தொடர்ந்தார்கள். 2025 ஜனவரியில் சமரசம் எட்டப்பட்டது.

ஒரு கேள்வியை நான் தவிர்க்கக் கூடாது. வியட்நாமிலும் ஈராக்கிலும் அந்த ராணுவம் செய்ததை அறிந்த நாம் அதன் வீராங்கனைகளுக்காக ஏன் பேச வேண்டும்? சீருடை அணிந்தவர்களின் வன்முறையை நேரில் கண்ட பெண்கள் நம் மொழியைப் பேசுபவர்களிலும் இருக்கிறார்கள். பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் ராணுவம் என்பது என் கனவு இல்லை. ஆயினும் இந்த விண்ணப்பங்கள் ராணுவத்தை மேலும் அழகாக்குவதில்லை. உள்ளே நடப்பதை அதன் சொந்தக் காகிதத்திலேயே எழுதச் சொல்கின்றன. தன் வீராங்கனையை வன்புணர்ந்தவனைக் காப்பாற்ற ஒரு நிறுவனம் எத்தனை படிவங்களை நிரப்பும் என்று தெரிந்தால், எதிரி நாட்டுப் பெண் கொடுக்கும் புகாரை அது என்ன செய்யும் என்பதும் தெரியும்.

இந்தியாவில் நிலைமை மேலானது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ராணுவச் செவிலியர் சேவையில் லெஃப்டினன்டாக இருந்த செலினா ஜான் 1988-இல் விடுவிக்கப்பட்டார். காரணம்: திருமணம். 1977-ஆம் ஆண்டின் ராணுவ அறிவுறுத்தல் ஒன்று பெண் செவிலியர்களுக்கு மட்டும் அப்படி விதித்திருந்தது. 1995-இல்தான் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதி ஆணாதிக்கத்தன்மை கொண்டது என்று கண்டித்து 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஒரு கல்யாணம் தகுதியின்மை ஆகாது என்று அரசுக்குச் சொல்ல 36 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பாயம் தந்திருந்த மறுநியமன ஆணையின் இடத்தில் பணம் வந்தது. அந்த 36 ஆண்டுகளில் அவர் ஏறியிருக்கக்கூடிய பதவிகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

திருத்தம் என்ற சொல்லை நான் இப்போது வேறுவிதமாகக் கேட்கிறேன். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதுபோல் பழைய சொல்லை எடுத்துவிட்டு வெற்றுச் சொல்லை வைப்பது வேலை தேடுபவளுக்கு உடனடி நிவாரணம். அது விரைவாக, கேட்காமலே, எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். அதோடு, முதலில் எழுதியதை எழுதியவர்களின் பதிவேட்டில், அவளைப் பற்றிய தாளுக்கு வெளியே, இன்ன காரணத்துக்காக இன்ன பொய் எழுதப்பட்டது என்று பதிய வேண்டும். அவள் தாளில் மௌனம் இருக்கட்டும். அவர்கள் தாளில் இருக்கக் கூடாது.

பல பெண்களின் விஷயத்தில் 28-ஆவது கட்டத்துக்கான உண்மையான காரணம் எளிமையானது: 'புகார் கொடுத்தாள்.' ஆளுமைக் கோளாறு என்பதைவிட அது நீளமும் இல்லை. அந்தக் கட்டத்தில் இடம் இருந்தது.