ஈகையும் விற்பனையும்: கணினி விளையாட்டுப் பொருள்களின் அறவிற்பனை பற்றிய ஒரு நோக்கு

2009ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் தனது இணையக் கடையிலே இரண்டு பொம்மைகளை விற்பனைக்கு விட்டது. பொம்மை என்று கூறுவதும் முற்றாகப் பொருந்தாது. கையாலே தொட்டுணரக்கூடிய வடிவம் அவற்றுக்கு இல்லை. ‘வேர்ல்ட் ஒஃப் வோகிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டில், ஆடுபவரின் பாத்திரத்தைத் தொடர்ந்து திரையிலே நடந்து வருவதற்கென ஆக்கப்பட்ட உருவங்கள் அவை. விளையாட்டின் வெற்றிக்கு அவை எவ்வகையிலும் உதவுவன அல்ல. ஒவ்வொன்றின் விலையும் 10 டொலர். அவற்றுள் ‘பண்டாரென் துறவி’ எனப்பட்ட ஒன்றுக்கு மாத்திரம் ஒரு சிறப்பு இருந்தது. அவ்வாண்டு டிசெம்பர் 31 வரை அதற்குச் செலுத்தப்படும் பணத்திற் சரிபாதி, கடும் நோயுற்ற சிறுவரின் விருப்பங்களை நிறைவேற்றி வைக்கும் மேக்-ஏ-விஷ் என்னும் அறநிலையத்துக்கு வழங்கப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. (பண்டா என்னும் கரடியின் பெயரிலிருந்து பிறந்த இப்பெயர் நமது பண்டாரத்தை நினைவூட்டுவது தற்செயலே.) ஏறக்குறைய இரண்டு மாதங்களில் 11 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை அறநிலையத்தைச் சென்றடைந்தது.

இதனை ஈகை எனலாமா? எனலாமெனின் ஈந்தவர் யார்? இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக உள்ளன. நோயுற்ற பிள்ளைக்குப் பணம் சேர்ந்தது; அதற்குமேல் ஆராய்வானேன் என்பது ஒன்று. எல்லாம் விளம்பரமே என்பது மற்றொன்று. முன்னையது சோம்பலாற் பிறந்தது; பின்னையது சாமர்த்தியமாகத் தோன்றினும் அதுவும் அத்தகையதே. இரண்டுமே விற்கப்பட்ட பண்டத்தின் இயல்பை நோக்குவதில்லை.

வெதுப்பகம் நடத்தும் ஒருவர் இன்று விற்கும் பாணின் விலையிற் பாதியை அனாதை இல்லத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னால் அவர் இழப்பது யாதென்று நாம் எளிதிற் கணக்கிடலாம். மாவுக்கும் விறகுக்கும் வேலையாளின் கூலிக்கும் அவர் செலவிட்டேயாக வேண்டும். நூறாவது பாணுக்கும் முதலாவது பாணுக்குச் சென்ற அளவு மா செல்லும். கணினித் திரையில் உலவும் துறவிக்கு அவ்விதி இல்லை. அதனை வரைந்து இயக்கியவர்களின் உழைப்பு ஒரு முறை செலுத்தப்பட்டுவிட்டது. அதன்பின்னர் அதனை ஒருவருக்கு விற்பதற்கும் பத்து இலட்சம் பேருக்கு விற்பதற்கும் உற்பத்திச் செலவிலே பெரும் வேறுபாடு கிடையாது. பணம் கைமாறுவதற்கான கட்டணமும் கணினிகளைப் பேணும் செலவுமே எஞ்சுவன. ஆகவே களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது என்ற பொருளில் நிறுவனம் எதனையும் கொடுக்கவில்லை. விற்பனைக்கு முன்னர் இல்லாத 10 டொலர் விற்பனையின் பின்னர் உண்டாயிற்று. அதில் 5 அறநிலையத்துக்கும் 5 நிறுவனத்துக்கும் சென்றது. கொடுத்தவர் கொடுத்ததனாலேயே பெற்றவராகவும் ஆகின்ற விந்தை இது.

எனினும் இவ்வாதத்தை இவ்விடத்தில் நிறுத்துவது நேர்மையாகாது. கடையிலே மற்றொரு பொம்மையும் இருந்தது என்று கூறினேன். ‘லில் கே.ரி.’ எனப்பட்ட அக்குட்டி மந்திரவாதியின் விலையும் 10 டொலரே. ஆனால் அதில் அறப்பங்கு இல்லை. அதனை வாங்கியிருக்கக்கூடிய ஒருவர் துறவியை வாங்கினாராயின் நிறுவனத்துக்கு 5 டொலர் குறைந்தது என்பது உண்மை. அறத்துக்காக விலை உயர்த்தப்படவும் இல்லை. 2010 பிறந்த பின்னரும் துறவியின் விலை 10 டொலராகவே இருந்தது, முழுப் பணமும் நிறுவனத்தையே சேர்ந்தது. எவ்வாறாயினும் அதனை வாங்கியே தீருவேன் என்றிருந்தவரின் பொருட்டு நிறுவனம் தனது வருவாயிற் பாதியை விட்டுக்கொடுத்தது எனலாம். நோயுற்ற பிள்ளையை எண்ணியே வாங்கினேன் என்பவரைப் பொறுத்தமட்டில் நிலைமை நேர்மாறானது. அவருடைய இரக்கம் இல்லாவிடின் அவ்விற்பனையே நிகழ்ந்திராது. அவர் கொடுத்த 10 டொலரில் 5ஐ நிறுவனம் எடுத்துக்கொண்டது. முதலாமவர் முன் நிறுவனம் கொடையாளி. இரண்டாமவர் முன் அது தரகர். அறிவிப்பிலே இரண்டிற்கும் ஒரே வாசகந்தான்.

தமிழிலே இத்தகைய நுண்ணிய வேறுபாட்டை உணர்ந்தோர் முன்னரே உளர். வறியவர்க்கு வழங்குவதையே ஈகை என வரையறுத்த வள்ளுவர், ஏனைய கொடைகளைக் குறியெதிர்ப்பை என்னும் சொல்லாற் சுட்டுவர். அளந்து கொடுத்து, அதே அளவு திரும்பப் பெறுவது அது. ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இப்பிறப்பிற் செய்தது மறுபிறப்பிற் பயன் தரும் எனக் கணக்கிட்டு அறத்தை வாணிகமாக்குபவன் அல்லன் அவன் என்று புகழ்கின்றார். அவ்வாறு சிறப்பித்துக் கூற நேர்ந்தமையிலிருந்தே அத்தகைய வாணிகர் அக்காலத்தும் இருந்தனர் என ஊகிக்கலாம். ஆனால் இவ்வளவுகோலை இறுக்கமாகப் பிடித்தால் உலகில் ஈகையே எஞ்சாது. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தமது ஆய்விலே, கொடுத்தல், பெறுதல், திருப்பிக் கொடுத்தல் என்ற மூன்று கடப்பாடுகளும் பிணைந்தே கொடை என்னும் நிறுவனம் பல சமுதாயங்களில் இயங்கிற்று என எடுத்துக்காட்டினார். புலவனுக்கு யானை கொடுத்த மன்னனும் பாட்டைப் பெற்றானன்றோ! எனவே பயன் கருதியமை ஒன்றே நிறுவனத்தின்மீது சாட்டக்கூடிய குற்றமாகாது. பிறருடைய கொடையின் பெயரால் அப்பயனைப் பெற்றதா என்பதே ஆராயற்பாலது.

இம்முறை கணினியோடு தோன்றியதன்று. 1983இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம், நியூயோர்க்கின் சுதந்திரச் சிலையைப் புதுப்பிக்கும் நிதிக்காக, தனது கடனட்டை பயன்படுத்தப்படும் ஒவ்வொரு தடவையும் 1 சதமும் புதிய அட்டை ஒவ்வொன்றுக்கும் 1 டொலரும் வழங்குவதாக அறிவித்தது. 17 இலட்சம் டொலர் திரண்டது. அட்டையின் பாவனையும் கால்பங்குக்கு மேல் அதிகரித்தது. சந்தைப்படுத்தல் பாடநூல்கள் இதனை ஒரு முன்மாதிரியாகப் போற்றுகின்றன. ஆயினும் அங்கே வாடிக்கையாளர் தமக்கு எப்படியும் வேண்டிய துணியையோ சாப்பாட்டையோ வாங்கினர். கணினி விளையாட்டிலோ அறத்தின் பொருட்டே ஒரு பண்டம் படைக்கப்படுகின்றது. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2011இல் யப்பானிய நிலநடுக்க நிவாரணத்துக்காக ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’ என்னும் விளையாட்டிலே மூன்று தலையணிகளை விற்றது. மனிதாபிமானியின் தலைப்பட்டி, கொடையாளியின் முடி, பெருந்தகை மன்னனின் மகுடம் என்னும் பொருள்பட அவற்றுக்குப் பெயர்கள் இடப்பட்டன. விலை முறையே ஏறத்தாழ 7, 20, 100 டொலர். தகைமைக்கு இவ்வளவு தெளிவான விலைப்பட்டியலை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனினும் இதிலே ஒரு நேர்மை உண்டு. வரி நீங்கலான பணம் முழுவதும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு என்றும், கொடுத்தவர் விளையாடுபவரே என்றும் அம்மகுடங்கள் ஒளிவின்றிச் சொல்லின.

பிளிஸார்ட் நிறுவனமும் பாதிப்பங்கிலேயே நின்றுவிடவில்லை. 2011இல் யப்பானுக்காகவும் 2012இல் சாண்டிப் புயல் நிவாரணத்துக்காகவும் அது விற்ற பொம்மைகளின் பணம் முழுவதும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வழங்கப்பட்டது. 2018 மே மாதத்தில் ‘ஓவர்வொச்’ விளையாட்டிலே மேர்ஸி என்னும் பாத்திரத்துக்கான இளஞ்சிவப்பு உடையொன்றை 15 டொலருக்கு இரண்டு வாரம் விற்று, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்துக்கு 127 இலட்சம் டொலர் வழங்கிற்று. அந்நிதியத்துக்கு ஒரு நிறுவனப் பங்காளி ஓராண்டில் வழங்கிய தொகைகளுள் அதுவே மிகப் பெரியது. ஆராய்ச்சிக்கு அத்தொகை எத்துணைப் பயன்பட்டிருக்கும் என்பதை எண்ணுமிடத்து, இதனை இகழ்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விற்பனை எவ்வாறாயினும் வழங்குவோம் என நிறுவனம் தன் பொறுப்பில் உறுதிகூறிய குறைந்தபட்சத் தொகை 2.5 இலட்சம் டொலர். இதற்கு மேற்பட்ட ஏறத்தாழ 125 இலட்சமும் 15, 15 டொலராக விளையாடுவோரின் பைகளிலிருந்து வந்தாலன்றி வந்திராது. அவர்களுக்கு நன்றி கூறப்பட்டது உண்மையே. ஆனால் பேரேட்டிலே கொடையாளியாகப் பதிவானது நிறுவனம். அவ்வுடை 2024 ஜூனில் மீண்டும் அதே நிதியத்துக்காக விற்கப்படும்வரை புதிதாக எவருக்கும் கிட்டவில்லை. அந்த 6 ஆண்டுகளும் அதனை அணிந்திருத்தல் ஒரு பெருமையாக விளங்கிற்று. இரக்கத்தோடு அருமையும் சேர்த்து விற்கப்பட்டமையால், வாங்கியவரின் ஈகையும் கலப்பற்றதென்று கூற முடியாதுள்ளது.

இவற்றுக்கெல்லாம் எதிர்முனையிலே வைத்து நோக்கத்தக்கது ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டின் செய்தி. உக்ரேன் போர் மூண்ட சில வாரங்களுள், 2022 மார்ச் 20 முதல் ஏப்ரில் 3 வரை அவ்விளையாட்டின் மூலம் தனக்குக் கிடைக்கும் வருமானம் முழுவதையும் நிவாரணத்துக்கு வழங்குவதாக எபிக் கேம்ஸ் நிறுவனம் அறிவித்தது. மைக்ரோசொஃப்ட் தனது எக்ஸ்பொக்ஸ் கடைவழி விற்பனையிலே தனக்குரிய தேறிய பங்கையும் சேர்த்தது. யுனிசெப், உலக உணவுத் திட்டம் முதலிய அமைப்புகளுக்குச் சென்ற மொத்தத் தொகை 14.4 கோடி டொலர். இங்கே தனியாக ஓர் அறப்பொம்மை செய்யப்படவில்லை. நாள்தோறும் விற்கும் விளையாட்டு நாணயமும் உடைகளுமே விற்கப்பட்டன. அதுவும் புதிய பருவம் தொடங்கி வியாபாரம் பெருகும் நாட்களில். வழக்கமாக வாங்கும் சிறுவன் வழக்கம்போல வாங்கினான். அவன் ஈந்ததென்று ஒன்றுமில்லை. தனக்கு வந்தே தீரவிருந்த பணத்தை நிறுவனமே விட்டுக்கொடுத்தது. ஈகை என்ற சொல்லை ஒரு கம்பனிக்கு வழங்கலாமெனின் இவ்விடத்திலே வழங்கலாம் என்பேன்.

ஆக, விற்பனை எவ்வளவுக்கு வாங்குபவரின் இரக்கத்தாலே தூண்டப்படுகின்றதோ அவ்வளவுக்கு நிறுவனத்தின் ஈகை சுருங்குகின்றது. எவ்வளவுக்கு அது வெறும் வழக்கமான வியாபாரமோ அவ்வளவுக்கு நிறுவனத்தின் ஈகை விரிகின்றது. கண்ணீர் ததும்பும் விளம்பரத்தோடு வருவது குறைந்த கொடையாகவும், பேச்சில்லாது வருவது பெருங்கொடையாகவும் இருத்தல் கூடும். ‘வருமானம் முழுவதும்’ என்ற வாசகத்தைக் கொண்டு மட்டும் இவ்வேறுபாட்டை அறிய வழியில்லை.

ஃபோர்ட்நைட்டின் கதையும் அவ்வளவிலே முடியவில்லை. அதே 2022 டிசெம்பரில், அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு தொடுத்த வழக்கிலே எபிக் நிறுவனம் 24.5 கோடி டொலரை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க இணங்கியது. குழப்பமான பொத்தான் அமைப்பினால் விரும்பாத கொள்வனவுகள் நிகழ்ந்தன என்பதும், 2018 வரை பெற்றோரின் அனுமதியின்றியே பிள்ளைகள் அவர்களுடைய அட்டையில் விளையாட்டு நாணயம் வாங்க முடிந்தது என்பதும் ஆணைக்குழுவின் குற்றச்சாட்டுகள். சிறுவரின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டத்தை மீறியமைக்கென வேறொரு 27.5 கோடியும் தண்டமாயிற்று. உக்ரேனுக்குச் சென்ற பணம் இதனாற் பொய்யாகிவிடாது. அகதி முகாமிலே உண்ணப்பட்ட உணவு உணவுதான். ஆயினும் நிறுவனத்தைப் பாராட்ட முற்படும் நாம், விட்டுக்கொடுக்கப்பட்ட வருமானம் எவ்வழி வந்து சேர்ந்தது என்ற வினாவையும் உடன் எழுப்பவேண்டியவர்களாகின்றோம். அவ்விரு வாரங்களிற் பொத்தானை அழுத்திய விரல்களுட் பல பிள்ளைகளுடையவை.

நிறுவனங்கள் விற்பனை முடிந்ததும் திரண்ட மொத்தத்தை மாத்திரம் வெளியிடுகின்றன. வாங்கியோர் எத்தனை பேர், அறிவிப்புக்கு முந்திய வாரங்களில் வழக்கமான விற்பனை எவ்வளவு, விற்பனையின்றியே நிறுவனம் தன் இலாபத்திலிருந்து சேர்த்தது எவ்வளவு என்பனவும் அதே பக்கத்தில் அச்சிடப்படுமாயின், பண்டாரென் துறவியின் 11 இலட்சத்திலே பிளிஸார்ட்டின் பங்கு யாது, பெயரறியப்படாத விளையாட்டுக்காரரின் பங்கு யாது என்று பிரித்துக் கூறுவது அரிதன்று. அக்கணக்குகள் நிறுவனங்களின் கையிலேயே உள்ளன.