தேய்பிறையும் அரமும்

நம் தோட்டப்புறக் கதைகளையும் அவற்றைப் பற்றிய கட்டுரைகளையும் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ‘தேய்ந்தது’ என்ற சொல் பழகியிருக்கும். தோட்டம் தேய்ந்தது, கோயில் திருவிழா தேய்ந்தது, தமிழ்ப்பள்ளி தேய்ந்தது. பேச்சிலும் ‘எல்லாம் தேய்ஞ்சு போச்சு’ என்று பெருமூச்சோடு முடித்துவிடுகிறோம். சொல்லின் மேல் எனக்கு மரியாதை உண்டு. நாம் அதைக் கையாளும் விதத்தில்தான் சந்தேகம்.

‘வீழ்ச்சி’க்கு ஓர் உயரம் வேண்டும், தோட்ட வாழ்க்கை அப்படியொன்றும் உயரத்தில் இருந்ததில்லை. ‘அழிவு’ முடிவை மட்டும் சொல்லும். ‘நலிவு’ இளைத்துப்போன நிலையைக் காட்டும். ‘தேய்வு’தான் காலத்தையும் கூடவே கொண்டு வருகிறது. தினமும் தீட்டித் தீட்டி ஒடுங்கிப்போகும் பால்வெட்டுக் கத்தியைப் பாருங்கள். அங்கே கத்தியோடு உரச ஒரு கல்லும் இருக்கிறது. கல் இல்லாமல் கத்தி தேயாது.

ஆனால் நம் கதைகள் பலவும் இந்தச் சொல்லை நிலாவிலிருந்து எடுக்கின்றன. தேய்பிறையில் எதுவும் எதோடும் உரசுவதில்லை. அது இயற்கை, பதினைந்து நாளில் மறுபடி வளரத் தொடங்கிவிடும். அந்த உவமையில் சோகம் உண்டு, பொறுப்பாளி கிடையாது.

வள்ளுவர் இதே சொல்லை வேறு மாதிரி பிடிக்கிறார். கடுஞ்சொல்லும் அளவு மீறிய தண்டனையும் அரசனின் வலிமையைத் தேய்க்கும் அரம் என்கிறது குறள் 567. துன்பப்பட்டவர் கண்ணீர் செல்வத்தைத் தேய்க்கும் படை என்கிறது 555. இரண்டிலும் ‘தேயும்’ இல்லை, ‘தேய்க்கும்’. அதாவது பிறவினை. தேய்க்கும் கருவியின் பெயரும் கூடவே வந்துவிடுகிறது.

நம் கதையிலும் அரங்கள் உண்டு. 1950, 60களில் தோட்டத் துண்டாடல். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் ஆள் தேவை குறைந்தது. வேலையோடு கட்டப்பட்டிருந்த வீடும் வேலையோடு போனது. 1957இல் 800க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேல். பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்த பெற்றோரையும் இந்தப் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும்.

இதையெல்லாம் கதைக்குள் புள்ளிவிவரமாகக் கொட்டச் சொல்லவில்லை. கிராணியின் ஒரு வாக்கியம், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஒரு கடிதம் போதும். அதுகூட இல்லாமல் கடைசிப் பக்கத்தில் ஒரு தோட்டம் தேய்ந்து நின்றால், வாசகர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சரி, யாரு தேய்ச்சது?