அந்த அரை ஷிப்ட் காசு எங்கே?

தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் திருப்பூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், பேச்சுக் கொடுத்தார்.

"பொண்ணு சி.ஏ.ங்க. பெங்களூருல பெரிய கன்சல்டிங் கம்பெனி. ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போன் பண்ணுனாலும் ஆபீஸ்லதான் இருக்குது. தீவாளிக்கு வந்தும் மடியில லேப்டாப்புதானுங்க..."

பெருமைப்படுகிறாரா, கவலைப்படுகிறாரா? எனக்குப் பிடிபடவில்லை. அவரே தொடர்ந்தார்.

"தம்பி பையன் பனியன் கம்பெனியில செக்கிங்குல இருக்கானுங்க. சாயங்காலத்துக்கு மேல நின்னா ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமையானா எண்ணி வாங்கிட்டு வந்தர்றான். என்ற பொண்ணுக்கு அந்த அரை ஷிப்ட் காசை யாருங்க குடுப்பா?"

நானும் பி.காம். படித்தவன்தான். பதில் வரவில்லை!

அன்னா செபாஸ்டியன் ஞாபகம் இருக்கிறதா? கேரளப் பெண். 26 வயது. 2024 மார்ச்சில் புனேயில் ஈ.ஒய். நிறுவனத்தில் ஆடிட் வேலைக்குச் சேர்ந்தார். முதல் வேலை. ஜூலையில் இறந்துவிட்டார். தூங்க நேரமில்லாமல் வேலை வாங்கினார்கள், இறுதிச் சடங்குக்குக்கூட ஆபீஸிலிருந்து ஒருவரும் வரவில்லை என்று அம்மா எழுதிய கடிதம் செப்டம்பரில் நாட்டையே உலுக்கியது. வராமல் போனதற்கு வருந்திய நிறுவனம், வேலைப்பளுதான் காரணம் என்பதை ஏற்கவில்லை. சரி, அது விசாரணைக்கு உரிய விஷயம். ஆனால், அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது இன்னொன்று வெளியே வந்தது. 2007-லிருந்து நடக்கும் அந்த ஆபீஸுக்குக் கடைகள் சட்டப்படியான பதிவே இல்லை! ஊருக்கெல்லாம் கணக்கு சரிபார்க்கும் கம்பெனி!

இந்தத் தொழிலின் கணக்கு எளிது. ஒரு வேலைக்கு இத்தனை மணி நேரம், இவ்வளவு ஃபீஸ் என்று முதலிலேயே பேசிவிடுகிறார்கள். வேலை இழுத்தால் வாடிக்கையாளர் கூடுதலாகத் தரமாட்டார். மேனேஜரின் லாபக் கணக்கு கெட்டுவிடும். அதனால் பதினான்கு மணி நேரம் உழைத்த பிள்ளை, டைம்ஷீட்டில் எட்டு என்று எழுதுகிறது. ஆடிட் தொழிலில் உலகமெங்கும் தெரிந்த பழைய ரகசியம் இது. மீதி ஆறு மணி நேரம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. அடுத்த வருஷம் அந்த எட்டையே அளவாக வைத்து மறுபடி ஃபீஸ் பேசுவார்கள். பெரியவர் கேட்ட அரை ஷிப்ட் இங்கேதான் காணாமல் போகிறது.

இதற்கு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னையில் ஒரு கல்லூரி விழாவில் சொன்ன மருந்து என்ன? அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையை வீடும் கல்லூரியும் கற்றுத்தர வேண்டுமாம்! காங்கேயம் காளை வளர்க்கிற சீமை இது. மாடு நுரை தள்ளினால் நுகத்தடியைக் கழற்றுவோம். 'மாட்டுக்கு உள்வலிமை போதவில்லை' என்று எந்த விவசாயியும் சொன்னதில்லை.

2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே தினத்தன்று வாபஸ்! ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. ஏ.சி. அறையில் பதினான்கு மணி நேரம் உட்காரும் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? 'நான் தொழிலாளி இல்லை, எக்ஸிக்யூட்டிவ்' என்று அவர்களையே நம்பவைத்ததுதான் கம்பெனிகளின் பெரிய சாமர்த்தியம். 70 மணி நேரம் உழையுங்கள் என்று 2023-ல் நாராயணமூர்த்தி சொன்னதும், 90 என்று 2025-ல் எல் அண்டு டி தலைவர் ஏலத்தை ஏற்றியதும் அந்தத் தைரியத்தில்தான்.

கம்பெனிகளை மட்டும் திட்டி என்ன பயன்? சம்பந்தம் பேசும்போது 'பேக்கேஜ் எவ்வளவு?' என்று கேட்கிறோம். 'எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாங்க?' என்று யாராவது கேட்டதுண்டா?

பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவர் திரும்பினார். "போன மாசம், விட்டுட்டு வந்தர்றேனுங்கப்பான்னு அழுதுச்சுங்க. கொஞ்சம் பொறுத்துக்க கண்ணுன்னுட்டேன். தப்புங்களா?"

தப்புத்தானுங்க ஐயா. இன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அது போன் எடுத்தால், முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுங்கள்.