படத்துக்குப் படம் பதில்: உலக சினிமாவை எப்படிப் பரிந்துரைப்பது?

'உலக சினிமா பார்க்க வேண்டும், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?' என்று கேட்பவருக்கு நம்மிடையே வழக்கமாகக் கிடைப்பது ஒரு பட்டியல். குரோசாவா, பெர்க்மன், ஃபெலினி, தார்க்கோவ்ஸ்கி, கியரோஸ்தமி என்று ஆளுக்கொரு படமாக இருபதோ ஐம்பதோ பெயர்கள் அதில் வரிசையாக நிற்கும். தருபவரின் அக்கறையில் குறையில்லை, படங்களின் தரத்திலும் குறையில்லை. ஆனாலும் பட்டியலை வாங்கிக்கொண்டவர்களில் பலர் மூன்றாவது நான்காவது படத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஜப்பானிலிருந்து சுவீடனுக்கும் அங்கிருந்து ரஷ்யாவுக்கும் தாவும்போது, ஒரு படத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அடுத்த படத்துக்குப் பெரிதாக உதவுவதில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. தனித்தனிச் சாதனைகளாகப் படங்களை அடுக்கித் தருவதைவிட, ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் இரண்டு மூன்று படங்களைச் சேர்த்துத் தருவதே நல்ல பரிந்துரை என்பது இக்கட்டுரையின் வாதம்.

பட்டியல்களிலேயே பெரும் மதிப்புப் பெற்றது, பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பு. 1952இல் அதில் முதலிடம் பெற்றது விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. படம் வெளியாகி அப்போது நான்கே ஆண்டுகள். 1962 முதல் 2002 வரை ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' அந்த இடத்தில் இருந்தது. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' வந்தது. 1,600க்கும் மேற்பட்டோர் வாக்களித்த 2022இல், பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் அகர்மனின் 'ஜான் தீல்மான்' (1975) முதலிடத்துக்கு உயர்ந்தது. இந்த மாற்றங்கள் நமக்கு நிறையச் சொல்கின்றன. படங்கள் அப்படியேதான் இருக்கின்றன, அவற்றைப் பார்க்கும் காலம்தான் தன் கேள்விகளை மாற்றிக்கொள்கிறது. வரிசை எண் அந்தக் கேள்வியை மறைத்துவிட்டு விடையை மட்டும் நீட்டுகிறது. 'உலகின் தலைசிறந்த படம்' என்ற பெயரை மட்டும் நம்பி, 201 நிமிடங்கள் ஓடும் 'ஜான் தீல்மான்' முன் அமரும் புதியவர், ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதை இடைவெட்டில்லாமல் பார்க்க நேர்ந்ததும் திகைப்பார். அவருக்கு ரசனை இல்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். அந்தப் படத்துக்குப் போகும் பாதையை யாரும் அவருக்குக் காட்டவில்லை.

பாதை என்பதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, ஒரு படத்துக்கு இன்னொரு படம் நேரடியாகவே பதில் சொல்வது. ஹாம்பர்க்கில் பிறந்து, நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி ஹாலிவுட் சென்ற டக்ளஸ் சிர்க், 1955இல் 'ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்' எடுத்தார். வசதியான கைம்பெண் ஒருத்தி தன்னைவிட இளைய தோட்டக்காரரைக் காதலிக்கிறாள். ஊரும் பிள்ளைகளும் எதிர்க்கிறார்கள். காதலை விட்டுக்கொடுத்த தாய்க்குத் துணையாகப் பிள்ளைகள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைப் பரிசளிக்கிறார்கள். அதன் அணைந்த திரையில் அவள் தன் முகத்தையே பார்க்கிறாள். பெண்களுக்கான கண்ணீர்ப் படம் என்று அன்று பலரும் ஒதுக்கிய இப்படத்தின் சமூக விமர்சனத்தைக் கூர்ந்து கண்டவர்களில் ஒருவர் ஜெர்மானிய இயக்குநர் ஃபாஸ்பிண்டர். அவருடைய 'அலி: ஃபியர் ஈட்ஸ் த சோல்' (1974) அதே கதையை மியூனிக்குக்குக் கொண்டுவருகிறது. இங்கே கைம்பெண் ஒரு வயதான துப்புரவுப் பணியாளர். அவர் மணப்பது மொராக்கோவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியை. செய்தியைக் கேட்டதும் அவருடைய மகன் எழுந்து தொலைக்காட்சிப் பெட்டியை எட்டி உதைத்து உடைக்கிறான். சிர்க்கின் படத்தைப் பார்த்தவருக்கு அந்த உதை இரண்டு படங்களிலும் சேர்ந்து விழும். பிறகு டாட் ஹெய்ன்ஸ் 2002இல் 'ஃபார் ஃப்ரம் ஹெவன்' படத்தில் கதையை 1950களின் அமெரிக்காவுக்கே திருப்பி, தோட்டக்காரரைக் கறுப்பராகவும் நாயகியின் கணவரைத் தன்பாலீர்ப்பை மறைத்து வாழ்பவராகவும் ஆக்கினார். சிர்க் தம் காலத்தில் வெளிப்படையாகப் பேச முடியாத இரண்டையும் அவர் பேசவைத்தார். இம்மூன்றையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், வர்க்கம், இனம், குடும்ப மரியாதை ஆகியவை ஒரே காதல் கதையை எப்படியெல்லாம் நெரிக்கின்றன என்பதைத் தாமே கண்டுகொள்வார். எந்த முன்னுரையும் தேவைப்படாது.

இரண்டாவது வகைப் பாதையை ஒரு நிறுவனமும் குருசீட உறவும் அமைத்துத் தருகின்றன. ஈரானில் சிறுவர், இளையோரின் அறிவு வளர்ச்சிக்காக 1965இல் தொடங்கப்பட்ட கானூன் என்ற அமைப்பின் திரைப்படப் பிரிவில்தான் அப்பாஸ் கியரோஸ்தமி 1970இல் தம் முதல் குறும்படமான 'பிரெட் அண்ட் ஆலி'யை எடுத்தார். ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவன், சந்தில் நிற்கும் நாயைத் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான் கதை. சிறுவனின் சிறிய சிக்கலைப் பெரியவர்களின் பிரச்சினைக்கு நிகரான கவனத்தோடு பார்ப்பது என்ற முறை அங்கேயே தொடங்கிவிட்டது. 1987இல் வந்த 'வேர் இஸ் த ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்' படத்தில், தவறுதலாக எடுத்துவந்த நண்பனின் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு சிறுவன் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். 1990இல் நிலநடுக்கம் அந்த வட்டாரத்தையே சிதைத்தது. அப்படத்தில் நடித்த சிறுவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தேடிச் செல்லும் இயக்குநரின் கதையாக 'அண்ட் லைஃப் கோஸ் ஆன்' (1992) உருவானது. அந்த இரண்டாம் படத்தின் ஒரு காட்சியைப் படமாக்குவதே 'த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்' (1994) படத்தின் கதை. இதில் உதவி இயக்குநராக இருந்த ஜாஃபர் பனாஹி, கியரோஸ்தமி எழுதிய திரைக்கதையில் 'த ஒயிட் பலூன்' (1995) எடுத்தார். புத்தாண்டுக்குத் தங்கமீன் வாங்கப் போகும் சிறுமியின் பிடிவாதம் அந்தப் படத்தை நடத்திச் செல்கிறது. 2010இல் அதே பனாஹிக்குச் சிறைத்தண்டனையும் இருபதாண்டுகள் படமெடுக்கத் தடையும் விதிக்கப்பட்டன. அவர் வீட்டுக்குள்ளிருந்தே 'திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்' (2011) எடுத்தார்; பிறகு ஒரு டாக்ஸிக்குள் அமர்ந்து 'டாக்ஸி' (2015) எடுத்தார். பனாஹியின் தடைக்காலப் படங்களை முதலில் பார்ப்பவருக்கு அவை அரசியல் துணிச்சலின் ஆவணங்களாக மட்டுமே தெரியக்கூடும். கியரோஸ்தமி வழியாக வருபவருக்கோ, கதைக்கும் நிஜத்துக்கும் நடுவிலுள்ள சுவரை மெல்லக் கரைத்துவந்த ஒரு மரபு, ஒடுக்குமுறை வந்தபோது அதையே ஆயுதமாக்கிக்கொண்டது புரியும்.

மூன்றாவது பாதை செனகலில் இருக்கிறது. அங்கே மரபு என்பது ரத்த உறவாகவும் ஆகிவிடுகிறது. பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உஸ்மான் செம்பேன், முதலில் நாவலாசிரியர். பிரெஞ்சில் எழுதிய தம் நூல்களைத் தம் மக்களில் பெரும்பாலோர் படிக்க முடியாது என்பதால் சினிமாவுக்கு வந்தவர். 1966இல் வந்த அவருடைய 'பிளாக் கேர்ள்', பிரெஞ்சுக் குடும்பத்தை நம்பிக் கடல் கடந்து சென்று அங்கே வீட்டு வேலைக்காரியாக ஒடுங்கிப்போகும் பெண்ணின் கதை. ஜிப்ரில் ஜோப் மாம்பெட்டியின் 'தூக்கி பூக்கி' (1973) அதே கடலைக் கரையிலிருந்து பார்க்கிறது. பாரிஸ் கனவில் மிதக்கும் இளஞ்சோடி துறைமுகம்வரை வருகிறது. அவள் கப்பலேறுகிறாள், அவன் ஏறாமல் திரும்புகிறான். நாற்பதாண்டுகள் கழித்து, மாம்பெட்டியின் தம்பி மகளான மத்தி ஜோப், அந்த நாயகனாக நடித்தவர் இன்னும் டாக்காரிலேயே இருப்பதைக் கண்டு 'எ தௌசண்ட் சன்ஸ்' (2013) எடுத்தார். 2019இல் கான் விழாவில் கிராண்ட் பிரி பெற்ற அவருடைய 'அட்லாண்டிக்ஸ்' படத்தில், படகேறிப் போய்க் கடலில் மாண்ட இளைஞர்கள், காத்திருந்த பெண்களின் உடல்களில் புகுந்து தங்களுக்கு வராத கூலியைக் கேட்கிறார்கள். போவதா இருப்பதா என்ற ஒரே கேள்வியை இப்படங்கள் அரை நூற்றாண்டாகக் கைமாற்றி வருகின்றன. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கோ, புலம்பெயர்வையே வாழ்க்கையாகக் கொண்ட ஈழத்துப் பார்வையாளருக்கோ இந்தக் கேள்வியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நேரடித் தொடர்பே இல்லாத படங்களும் ஒரு கேள்வியால் உறவாகலாம். டி சிகாவின் 'உம்பர்த்தோ டி' (1952) படத்தில், கருவுற்ற வேலைக்காரப் பெண் காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, எறும்புகளை விரட்டி, காபிக்கொட்டை அரைக்கும் காட்சி ஒன்று வருகிறது. கதையை நகர்த்தாத அந்த நிமிடங்களைப் பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் புதிய சினிமாவின் அடையாளமாகக் கொண்டாடினார். அகர்மன் அத்தகைய நிமிடங்களாலேயே ஒரு முழுப் படத்தைக் கட்டினார். மூன்று நாட்களின் சமையலும் பாத்திரம் கழுவுதலும் படுக்கை விரித்தலும் ஒரே ஒழுங்கில் நடக்கப் பார்த்துப் பழகுகிறோம். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு வெந்து குழைந்துபோகும்போது, அந்தச் சிறு பிசகே நமக்குப் பேராபத்தாகத் தோன்றுகிறது. 2021இல் வந்த ஜியோ பேபியின் மலையாளப் படமான 'த கிரேட் இந்தியன் கிச்சன்' நம்மிடையே பலர் பார்த்தது. தமிழிலும் மறுஆக்கம் பெற்றது. அகர்மனிடமிருந்து அது வந்தது என்பது என் வாதமன்று. நறுக்குவதையும் துடைப்பதையும் திரும்பத் திரும்பக் காட்டி, அந்தச் சலிப்பையே குற்றச்சாட்டாக மாற்றும் முறையில் இரண்டும் உடன்பிறந்தவை. ஒழுகும் தொட்டியின் கழிவுநீர் நாற்றத்தை அந்தப் படத்தில் உணர்ந்தவர், பிரசல்ஸ் அடுக்ககத்துச் சமையலறைக்குள் நுழையத் தயாராகிவிட்டார். 'உலகின் தலைசிறந்த படம்' என்று சொல்லி அனுப்புவதைவிட, 'அந்தச் சமையலறையைப் பார்த்தீர்களே, இதையும் பாருங்கள்' என்று சொல்லி அனுப்புவது அவரைக் கடைசிக் காட்சிவரை உட்காரவைக்கும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு: இப்படித் தொடர்பு தேடுவது 'யார் யாரிடமிருந்து சுட்டார்' என்ற விளையாட்டில்தானே முடியும்? அந்தக் கவலை நியாயமானது. 2020இல் 'பாரசைட்' ஆஸ்கர் வென்றபோது, 'மின்சாரக் கண்ணா' (1999) படத்தோடு அதை ஒப்பிடும் பேச்சே நம் ஊரில் பெரிதாக எழுந்தது. ஆனால் போங் ஜூன்-ஹோ தாமே கடன்பட்டதாகச் சொல்வது, கிம் கி-யங்கின் 'த ஹவுஸ்மெய்ட்' (1960) படத்துக்கு. ஒரு நடுத்தரக் குடும்பம் ஆசையோடு கட்டிய மாடி வீடு, உள்ளே வரும் வேலைக்காரி, மேலும் கீழுமாக மனிதர்களை ஏற்றி இறக்கும் படிக்கட்டு என எல்லாம் அதில் இருக்கின்றன. வேறுபாடு ஒன்றுண்டு: பழைய படத்தில் அபாயம் கீழ்த்தட்டிலிருந்து வருவதாக வீட்டார் அஞ்சுகிறார்கள், புதிய படம் அந்த அச்சத்தையே விசாரணைக் கூண்டில் நிறுத்துகிறது. நகல் முன்னதை மறைக்கும், பதில் முன்னதைத் தேடிப் போகவைக்கும். யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) பிறந்ததிலும், லியோ மெக்கேரியின் அமெரிக்கப் படமான 'மேக் வே ஃபார் டுமாரோ' (1937) படத்துக்குப் பங்குண்டு. உடன் எழுதிய கோகோ நோடா அதைப் பார்த்திருந்தார். பிள்ளைகளுக்குப் பாரமாகும் முதிய பெற்றோரின் கதையைப் போருக்குப் பிந்தைய ஜப்பானின் கதையாக ஓசு மாற்றினார். 1954இல் வந்த நம் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்', குரோசாவாவின் 'ராஷோமான்' போலவே ஒரு கொலையைப் பலர் வாய்மொழியில் விரிக்கிறது. பாடலே இல்லாத அந்தப் படம், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டைப் பின்புலமாக்கி, தேசப்பற்று எது துரோகம் எது என்ற நம் கேள்வியை எழுப்பியது. கடன் வாங்கியதை வைத்து என்ன செய்தார்கள் என்று கேட்கப் பழகிவிட்டால், வேட்டையாடும் விளையாட்டு தானே ஓய்ந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது: நல்ல படம் எந்தத் துணையும் இல்லாமல் தனித்து நிற்க வேண்டாமா? வேண்டும். 1950இல் லண்டனில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்த சத்யஜித் ராய்க்கு இத்தாலிய சினிமா வரலாறு தேவைப்படவில்லை. அந்தப் படம் தந்த உறுதியோடு அவர் 'பதேர் பாஞ்சாலி'க்குத் திரும்பினார். ஆனால் ராய் அப்போதே ஆண்டுக்கணக்கில் படங்களை ஊன்றிப் பார்த்தவர், கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய கண் பழகியிருந்தது. முதல் பாடத்திலேயே ராகம் பிடிபடாததைப் போலத்தான் இதுவும்: ஒரே ராகத்தில் நாலு கீர்த்தனை கேட்ட பிறகு ஐந்தாவதில் அது தானாகத் தெரியும். பக்கத்தில் இன்னொரு படம் வைக்கப்படுவதால் எந்தப் படத்தின் தனித்தன்மையும் குறையாது. ஒப்பிட ஒன்று இருக்கும்போதுதான் அது கூடுதலாகத் துலங்கும்.

மூன்றாவது மறுப்பே எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. மரபுவழியே போனால், மரபு அமையும் அளவுக்குப் பணமும் ஸ்டுடியோவும் ஆவணக் காப்பகமும் இருந்த நாடுகளே மறுபடி மறுபடி வரும். தனியாக எரிந்து அணைந்த படைப்புகள் விடுபட்டுப் போகும். இது உண்மை. ஈரானியக் கவிஞர் ஃபரூக் ஃபரோக்சாத், தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்றைப் பற்றி 1962இல் எடுத்த 'த ஹவுஸ் இஸ் பிளாக்' என்ற சிறு ஆவணப்படத்தோடு இயக்குநராக அவர் பயணம் முடிந்துவிட்டது. 1967இல் விபத்தில் இறந்தார். 'தூக்கி பூக்கி', 'த ஹவுஸ்மெய்ட்' போன்றவை இன்று நல்ல படியில் கிடைப்பதற்கே, 2007இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி தொடங்கிய அமைப்பின் மீட்புப் பணி காரணம். ஆனால் இதற்கு மருந்து பட்டியலில் இல்லை. பட்டியல்தான் தனித்த படங்களை முதலில் கைவிடுகிறது. ஃபரோக்சாத்தின் படத்தைக் கியரோஸ்தமிக்கு முன்னால் வைத்துக் காட்டலாம். நேரடி வாரிசு இல்லாத படைப்புக்கு உறவைத் தேடித் தருவதும் பரிந்துரைப்பவரின் கடமையே.

அப்படியானால் நடைமுறையில் செய்யக்கூடியது எளிது. ஊர்தோறும் திரைப்படச் சங்கம் நடத்துபவர்களும் நண்பர்களுக்குப் பெயர் எழுதித் தருபவர்களும், ஐம்பது படங்களுக்குப் பதில் மூன்று படங்களைத் தேர்ந்துகொள்ளட்டும். முதலாவது, கேட்பவர் ஏற்கெனவே பார்த்து மனதில் வைத்திருக்கும் படமாக இருக்கட்டும். அது தமிழாகவோ மலையாளமாகவோ இருப்பது இன்னும் நல்லது. இரண்டாவது அதன் கேள்வியை வேறொரு நாட்டில் கேட்கட்டும். மூன்றாவது அந்தக் கேள்வியையே புரட்டிப் போடட்டும். ஏன் இந்த மூன்று, ஏன் இந்த வரிசை என்று இரண்டு வரியாவது சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் தேர்வை மாற்றிக்கொள்ள வேண்டும். இப்படிப் பார்க்கத் தொடங்கியவர் நான்காவது படத்தைத் தாமே தேடிக் கண்டுபிடிப்பார். அந்தத் திறனைக் கொடுப்பதே பரிந்துரை. மற்றதெல்லாம் வெறும் பெயர் ஒப்புவித்தல்.