குரலுக்குப் பின்னால் இரு கைகள்

பாட்ரிஸ் ரஷென் யார் என்று கேட்டால், 'ஃபர்கெட் மீ நாட்ஸ்' பாடியவர் என்ற பதிலே முதலில் வரும். 1982-இல் வந்த அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 23-ஆம் இடம்வரை ஏறியது. பதில் தவறில்லை. ஆனால் ரஷென் முதலில் கீபோர்டு கலைஞர்; பாடகி என்ற அடையாளம் பிறகு வந்தது. நினைவில் மட்டும் இந்த வரிசை ஏன் தலைகீழாகிறது என்பதே என் கேள்வி.

1954-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். 1972-இல், பள்ளி மாணவியாக, மான்டரே ஜாஸ் விழாவின் பள்ளிக் குழுக்களுக்கான போட்டியில் வென்றார். 1974-இல் 'ப்ரிலூஷன்' என்ற முதல் இசைத்தொகுப்பு. அதில் சாக்ஸஃபோன் வாசித்தவர் ஜோ ஹெண்டர்சன். அப்போதே பெரிய பெயர். குழுவின் தலைமையோ இருபது வயதை ஒட்டிய ஒரு பெண்ணுடையது. கேட்டுப் பாருங்கள்: அந்தக் கைகளில் தயக்கமே இல்லை. ஹெண்டர்சனுக்கு இடம் விடுகிறார், வழிவிட்டு ஒதுங்குவதில்லை. அடுத்த ஆண்டுகளில் ஜான் லுக் பான்டி, சன்னி ரோலின்ஸ் ஆகியோரின் இசைத்தட்டுகளிலும் அவர் வாசித்தார்.

1978-இல் எலெக்ட்ரா நிறுவனத்துக்கு வந்தபின் ஃபங்க் தாளமும் அவரது சொந்தக் குரலும் முன்னுக்கு வந்தன. ஜாஸிலிருந்து ஃபங்க்கை நோக்கிய இதே நகர்வை, 1973-இல் 'ஹெட் ஹண்டர்ஸ்' மூலம் ஹெர்பி ஹான்காக்கும் செய்தார். அவரையும் தூய்மைவாதிகள் ஏசினார்கள். ஆனால் இன்று ஜாஸ் வரலாறு அதை ஒரு திருப்புமுனை என்று எழுதுகிறது. ரஷெனின் நகர்வோ 'பாப் பாடகியானார்' என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. ஆண் செய்தால் சோதனை, பெண் செய்தால் சமரசம். பெண்ணின் குரல் கேட்டதும் அவள் கைகள் கண்ணில் படாமல் போகின்றன.

அந்தப் புகழ்பெற்ற பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஃப்ரெடி வாஷிங்டனின் பேஸ் கிட்டார் முன்னே துள்ளுகிறது. நடுவில் தனி வாசிப்பு ஜெரால்டு ஆல்பிரைட்டின் சாக்ஸஃபோனுக்கு. கீபோர்டு கலைஞர் தன் பாட்டிலேயே தனக்குத் தனி வாசிப்பு வைத்துக்கொள்ளவில்லை. இதைப் பெண்மையின் அடக்கம் என்று வாசிப்பது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டை இணைந்து எழுதியவர் அவர், தொகுப்பை இணைந்து தயாரித்தவரும் அவரே. யார் எங்கே ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் இருந்தவரின் முடிவு அது. அதே தொகுப்பில் 'நம்பர் ஒன்' என்ற வாத்திய இசையும் உண்டு. கிராமி விருதுக்கு இரண்டும் பரிந்துரைக்கப்பட்டன: ஒன்று பாடகியாக, இன்னொன்று வாத்தியக் கலைஞராக. நினைவில் நின்றது முதலாவதுதான்.

அந்தப் பாட்டின் இசைமீது ஜார்ஜ் மைக்கேல் 1996-இல் 'ஃபாஸ்ட்லவ்' பாட்டின் ஒரு பகுதியையும், வில் ஸ்மித் 1997-இல் 'மென் இன் பிளாக்' பாட்டையும் கட்டினார்கள். ஸ்மித்துக்கு அது கிராமி விருதையும் தந்தது. மெட்டை உலகமே அறியும். அமைத்தவரின் பெயரைச் சொல்லித்தான் தெரியவைக்க வேண்டியிருக்கிறது.

பிறகு அவர் போன இடம் இன்னும் கண்ணுக்குத் தெரியாதது: இசை இயக்கம். ஜேனட் ஜாக்சனின் 1993-ஆம் ஆண்டு உலகப் பயணத்துக்கு இசை இயக்குநர். 2004 முதல் 2006 வரை கிராமி விழாவுக்கும் அவரே; அந்தப் பொறுப்பில் முதல் பெண். 'முதல் பெண்' என்ற பட்டத்தை நாம் அவசரமாகக் கொண்டாடிவிடுகிறோம். கதவு அத்தனை காலம் மூடியிருந்ததையே அந்தப் பட்டம் சொல்கிறது. உள்ளே போனவர் செய்த வேலையைச் சொல்வதில்லை. நேரலையில், பல பாணிக் கலைஞர்களுக்கு நடுவே, நொடி பிசகாமல் ஒரு வாத்தியக் குழுவை நடத்துவதுதான் அந்த வேலை.

ரஷெனின் எல்லாத் தொகுப்புகளும் ஒரே தரம் என்று நான் சொல்லமாட்டேன். காதல் பாடல்கள் சிலவற்றின் வரிகள் பழகிய தடத்திலேயே நடக்கின்றன. அந்த இடங்களிலும் வரிகளுக்கு அடியில் ஓடும் சுரக்கோவை சும்மா இருப்பதில்லை. பெண் கலைஞரை மதிப்பது என்றால் இப்படிப் பிரித்துக் கேட்பதும்தான். 'ப்ரிலூஷன்' தொகுப்பை முதலில் கேளுங்கள். அதன்பின் 'ஃபர்கெட் மீ நாட்ஸ்' கேட்டால், பாடுகிறவரின் கைகளும் காதில் விழும்.