தையல் பிரிந்த தோணி

ஏறாவூரிலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியில் இன்று எங்கும் கண்ணாடியிழைத் தோணிகள். வெடிப்பு விழுந்தால் பிசின் பூசி முடித்துவிடலாம். வசதிதான், ஆனால் ரசிக்க அதில் ஒன்றுமில்லை.

என் மனம் போவது இலங்கையின் பழைய பாய்த் தோணியிடம். குடைந்த மரத்தின் மேல் பக்கப் பலகைகளை ஆணியில்லாமல் தும்புக் கயிற்றால் தைத்திருப்பார்கள். மரத்துக்கு முன்பே நைந்துபோவது அந்தக் கயிறு. அதை அறுத்தெடுத்து, துளைகளைச் சுத்தமாக்கி, இடுக்கில் தும்பு அடைத்து, புதுக் கயிற்றைக் குறுக்கும் மறுக்குமாக இழுத்து இறுக்க வேண்டும். இழுப்பு எங்கும் ஒரே அளவில் இருப்பதுதான் கைத்திறன். ஒன்று தளர்ந்தால் பக்கத்துத் தையல் அதன் பாரத்தையும் சுமக்கும். பலகையும் துளையும் பழையவை, கயிறு மட்டும் புதிது. இரும்பாணி என்றால் உப்புநீரில் துருவேறி, சுற்றியுள்ள மரத்தையும் அரித்துவிடும்.

1344இல் இலங்கைக்கு வந்த பயணி இபின் பதூதா, பாறையில் மோதினால் ஆணியடித்த கப்பல் உடையும், தைத்தது நெகிழ்ந்து கொடுக்கும் என்று எழுதியிருக்கிறார். பாய்த் தோணி கவிழாமலிருக்கப் பக்கவாட்டில் பொருத்திய மிதவையைத் தாங்கும் இரண்டு தடிகளுக்கும் அதே கணக்குத்தான்: அவையும் கயிற்றுக்கட்டில்தான் நிற்கின்றன, அசைய இடமில்லாமல் இறுக்கினால் காற்றில் தடிதான் முறியும்.